கூப்பிடு தூரம்: செட்டிநாட்டின் இரு கல்விகள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு பார்க்க வருகிறவர்கள் முகப்பிலேயே மயங்கிவிடுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடித் தரை என்று வளவு வரை வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பின்கட்டு வரை போகிறவர்கள் குறைவு. போனால் ஒரு கேள்வி எழ வேண்டும். ஒரே வீட்டுக்குள் இத்தனை அடுப்பு எதற்கு?

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் வழக்கில் இதற்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர். மகனுக்குக் கல்யாணமான பிறகு அந்த இணையைத் தனிச் சமையலில் வைத்துவிடுவார்கள். வீட்டை விட்டு வெளியே அனுப்புவதில்லை. அதே வளவில் ஓர் அறை, பின்கட்டில் ஓர் அடுப்பு, ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு என்று அளந்து ஒதுக்கிய தொகை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. ஒதுக்கியதற்கு மேல் செலவானால் அந்த மிகுதி மகன் பேரில் பற்றெழுதப்படும். நடப்பில் உள்ள வட்டியும் அதன்மேல் ஏறும். அப்பா பக்கத்து அறையில்தான் படுத்திருப்பார். ஆனாலும் வட்டி வட்டிதான்.

இதைக் கெட்டித்தனத்தின் கதையாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. எனக்கு இதில் ஒரு கல்வி முறை தெரிகிறது. அனுபவமில்லாத இரண்டு இளசுகளிடம் ஒரு முழுக் குடும்பத்தையும் ஒப்படைத்துவிட்டு, குரல் கொடுத்தால் கேட்கிற இடத்தில் பெரியவர்கள் இருந்துகொண்டார்கள். சாம்பார் கருகினால் மாமியாருக்கு வாசம் வரும். அவர் எழுந்து வந்து கிண்டிவிட மாட்டார். கேட்டால் சொல்லுவார். இந்தத் தொலைவுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. கூப்பிடு தூரம்.

பிள்ளை பெரியவனாவதற்கு இந்த மண்ணில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பெட்டியடி, அதாவது கடல்கடந்த கொடுக்கல் வாங்கல் கடையில் பணப்பெட்டிக்கு அருகே உட்கார்ந்து தொழில் கற்ற வழி. மற்றது பள்ளிக்கூடம். முதலாவது மறைந்துவிட்டது. இரண்டாவது ஊரெங்கும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளை மனம் எதில் எப்படி வளர்ந்தது என்று பார்ப்பதே இங்கு நோக்கம். பழையதைப் புகழ்வதற்கோ புதியதைப் பழிப்பதற்கோ இதை எழுதவில்லை. பிள்ளைக்கும் பெரியவருக்கும் நடுவே இரண்டு முறைகளும் எவ்வளவு தூரம் விட்டன என்பதுதான் என் அளவுகோல்.

ஏணிப்படிகள்

எழுத்தும் கணக்கும் ஓரளவு கைவந்ததும், பத்துப் பன்னிரண்டு வயதில் பையன் தொழிலுக்குப் பழகத் தொடங்குவான். சொந்தக் கடை, இல்லாவிட்டால் உறவினர் கடை. பெட்டியடிப் பையன் என்பது முதல் படி. தண்ணீர் கொண்டுவருவது, காசு எண்ணி அடுக்குவது, சீட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது, சொன்னதை எழுதுவது. அதற்கு மேல் அடுத்தாள். பெயரிலேயே இடம் தெரிகிறது, மேலாளுக்கு அடுத்து இருப்பவர். அதற்கும் மேல் கடையையே நடத்தும் மேலாள், ஏஜெண்டு. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, அவர் பணத்தை ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ கையாள்பவர். பொதுவாக மூன்றாண்டுத் தவணை. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்.

மேலாள் மேல் முதலாளி வைத்த நம்பிக்கையின் அளவைத் தெரிந்துகொள்ள ஓர் எண் போதும். 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள். அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். இத்தனை கடைகளையும் நடத்தியவர்கள் வணிகக் கல்லூரியில் படித்து வந்தவர்கள் அல்லர். பெட்டியடியில் உட்கார்ந்து வந்தவர்கள்.

அவர்கள் உட்கார்ந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீண்ட கூடம் ஒன்றில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்மேசை, தரையில் விரிப்பு. பகலில் தொழில் நடக்கும் இடமே இரவில் படுக்கும் இடம். பையன் தன் மேலாள் பேசுவதை மட்டுமல்ல, பக்கத்துப் பெட்டிக்காரர் கடன் கேட்டு வந்தவரை எப்படி எடைபோடுகிறார் என்பதையும் கேட்டுக்கொண்டே இருந்தான். யாரும் பாடம் நடத்தவில்லை. காதில் விழுந்துகொண்டிருந்தது.

இப்படிக் கற்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் மானுடவியலாளர் ஜீன் லேவ். மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் பழகும் பையன்களை அவர் கவனித்தார். துணி முதலில் வெட்டப்பட்டு, பிறகு தைக்கப்பட்டு, கடைசியில் பொத்தானும் இஸ்திரியும் காணும். பையன்களோ அதைத் தலைகீழாகக் கற்றார்கள். முதலில் பொத்தான், இஸ்திரி. அப்புறம் தையல். கடைசியில்தான் கத்தரிக்கோல். காரணம் எளிது. மடிப்புக் கலைந்தால் மறுபடி தேய்க்கலாம், தப்பாக வெட்டிய துணியை ஒட்ட முடியாது. எட்டியன் வெங்கருடன் சேர்ந்து 1991-ல் லேவ் எழுதிய நூல், தொழிலின் ஓரத்தில் நின்று மெல்ல மெல்ல நடுவுக்கு வருவதே கற்றல் என்று வாதிட்டது. பெட்டியடிப் பையனும் ஓரத்தில் இருந்துதான் தொடங்கினான். கடிதம் எழுதுவதில் பிழை வந்தால் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். யாருக்குக் கடன் கொடுப்பது என்ற முடிவு அவன் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

பள்ளிக்கூடத்தின் ஏணி வேறு மாதிரியானது. அதிலும் படிகள் உண்டு. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. ஆனால் இங்கே படி ஏற ஏறப் பாடத்தின் கனம் கூடுகிறது, பிள்ளையின் பொறுப்பு கூடுவதில்லை. ஆறு வயதில் உட்கார்ந்து, கேட்டு, எழுதிக் காட்டிய பிள்ளை பதினேழு வயதிலும் உட்கார்ந்து, கேட்டு, எழுதிக் காட்டுகிறது. ஆசிரியருக்கும் அதற்கும் நடுவில் இருந்த தூரம் கரும்பலகைக்கும் பெஞ்சுக்கும் உள்ள தூரம். அது பன்னிரண்டு ஆண்டுகளாக மாறவில்லை.

நம் பழைய திண்ணைப் பள்ளியில் இப்படி இல்லை. சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். முன்னே கற்ற பையன் பின்னே வந்தவனுக்கு மணலில் கைபிடித்து எழுத வைப்பான். சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை 1790-களில் நடத்திய ஆண்ட்ரூ பெல் இதைக் கண்டு கைக்கொண்டார். அது இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. கூப்பிடு தூரத்தில் ஆசிரியர் மட்டுமல்ல, தன்னைவிட இரண்டு வயது மூத்த பிள்ளையும் இருக்கலாம் என்பதைத் திண்ணை அறிந்திருந்தது. வயதுவாரியாகப் பிரித்த வகுப்பறை வந்தபோது அந்த இரண்டாவது துணை போய்விட்டது.

வராத நாளின் கணக்கு

இரண்டு முறைகளும் கணக்கில்தான் நேருக்கு நேர் சந்திக்கின்றன.

பெட்டியடிக்கு வருமுன்னே பையனுக்கு எண்சுவடி மனப்பாடமாகியிருக்கும். முழு எண் வாய்ப்பாடு மட்டுமல்ல, பின்னங்களும். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, மா இருபதில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கிய விடைகளும் நாவில் நிற்கும். இதை வெறும் உருப்போடுதல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கடையில் உட்கார்ந்த அன்றே அந்த உருப்போட்டது வேலைக்கு வந்தது.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே, சுமார் ஏழிலிருந்து பதினொன்று வரை பிள்ளை கண்முன் உள்ள பொருளை வைத்துத்தான் ஒழுங்காக யோசிக்கும் என்றார். ஏறத்தாழப் பன்னிரண்டில்தான் ‘இப்படி இருந்தால் என்னவாகும்’ என்று இல்லாததையும் வைத்து யோசிக்கும் திறன் வருகிறது. அந்த எல்லைகளை அவ்வளவு கறாராக வரைய முடியாது என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் நோக்கு சரியானதே. கடை பையனை எடுத்துக்கொண்ட வயதைப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு. அங்கே அவன் முதலில் எதிர்கொண்ட பெரிய விஷயம் வட்டி. வட்டி என்பது இன்னும் வராத நாளுக்கு இன்றே போடும் கணக்கு. பணம் கைவிட்டுப் போய்விட்டது, நாள் இன்னும் வரவில்லை, தவணை தப்பினால் என்ன என்ற கேள்வியும் உண்டு. கண்ணுக்குத் தெரியாததைக் கையாளும் பாடத்தை அவன் ரூபாயின் கனத்தோடு படித்தான். பள்ளி அதே வயதில் அதே தாவலை இயற்கணிதத்தின் வழியாகச் செய்கிறது. அங்கே தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்து. யாருடைய ரூபாயும் இல்லை.

எது மேல்? விடை அவ்வளவு எளிதில்லை. 1985-ல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை டெரெசின்யா கராஹரும் அவர் துணையினரும் ஆராய்ந்தார்கள். தேங்காய் விற்கும்போது கேட்ட கணக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. அதே கணக்கைத் தாளில் எண்களாக எழுதிக் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு முப்பத்தேழு. சந்தைக் கணக்கு பள்ளிக்குள் தானாக நடந்து வரவில்லை.

நம் நாட்டிலும் இது பார்க்கப்பட்டிருக்கிறது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோரின் ஆய்வு 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகள் பல பொருள்களின் விலையைக் கூட்டிப் பாக்கியை நொடியில் சொன்னார்கள். பள்ளிப் புத்தகப் பாணியில் கேட்டால் தடுமாறினார்கள். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளோ தாளில் செய்தார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரு கரையிலும் ஆட்கள் இருக்கிறார்கள், நடுவே பாலம் இல்லை.

பெட்டியடி அந்தப் பாலத்தைத் தற்செயலாகக் கட்டியிருந்தது. சுவடியில் படித்தது ஒரு பக்கம், பெட்டியில் புழங்கும் பணம் மறுபக்கம், நடுவே அடுத்தாள். மனக்கணக்காகச் சொன்னதை உடனே எழுதிப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். வாயும் கையும் ஒன்றுக்கொன்று சாட்சி.

தவறு எங்கே போகிறது?

பிள்ளை செய்யும் தவறு என்னவாகிறது என்று பார்த்தால் ஒரு கல்வி முறையின் உள்ளம் தெரிந்துவிடும்.

கடையில் பகல் வரவுசெலவு குறிப்பில் ஏறும். அங்கிருந்து பேரேட்டுக்குப் போகும். கடைசியில் எல்லாம் திரண்டு ஐந்தொகையாகும். ஒவ்வொரு நாளும் கணக்கு முடிக்கும்போது ஏட்டில் உள்ள இருப்பும் பெட்டியில் உள்ள இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரணா குறைந்தாலும் தேட வேண்டும். தவறு அன்றிரவே பிடிபட்டுவிடும். யார் எழுதிய வரி என்பதும் தெரிந்துவிடும். காது திருகலும் கிடைத்திருக்கும். ஆனால் பையன் மறுநாள் காலையில் அதே இடத்தில்தான் உட்காருவான். தவறு திருத்தப்பட்டது, அவன் தள்ளப்படவில்லை.

பள்ளியில் தவறு பெரும்பாலும் தாமதமாகத் தெரியவருகிறது. அரையாண்டுத் தேர்வின் தாள் வரும்போது பாடம் இரண்டு அலகு தாண்டியிருக்கும். சிவப்பு மையில் சுழித்த இடத்துக்குத் திரும்பிப் போக வகுப்புக்கு நேரமில்லை. தவறு அப்படியே மதிப்பெண்ணாக உறைந்துவிடுகிறது. மாணவருக்குத் தெரிவது தான் எங்கே தவறினோம் என்பதல்ல, தான் எத்தனை என்பது.

இந்தக் குறையைப் பள்ளிக்குள்ளேயே தீர்க்க முயன்றவர் மரியா மாண்டிசோரி. பிழையை ஆசிரியர் சுட்டக் கூடாது, விளையாட்டுப் பொருளே சுட்ட வேண்டும் என்பது அவர் வழி. துளைக்குப் பொருந்தாத உருளை பொருந்தாது, பிள்ளை தானே வேறொன்றை எடுக்கும். 1939-ல் அடையாறுக்கு வந்த அவர் போர் முடியும் வரை இந்தியாவில் தங்கினார். அவர் கருத்தும் பேரேட்டுக் கருத்தும் அடிப்படையில் ஒன்றுதான். பிழை தன்னைத் தானே காட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியும் ஏடும் ஒத்துப்போகாவிட்டால் மேலாள் சத்தம் போடுமுன்னே பையனுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதில் பள்ளியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தமிழில் ‘நாணயம்’ என்ற சொல் காசுக்கும் நேர்மைக்கும் ஒன்றே. கொடுக்கல் வாங்கல் உலகில் ஒருவனுடைய நாணயம் ஒருமுறை கெட்டால் எல்லாக் கிட்டங்கிக்கும் செய்தி போய்விடும். பதினைந்து வயதில் செய்த கைத்தவறு நாற்பது வயதிலும் நினைவில் இருக்கும். பள்ளி அப்படி நினைவு வைத்துக்கொள்வதில்லை. தோற்றவர் துணைத்தேர்வு எழுதலாம். புது ஆண்டில் புது வகுப்பு, புது நோட்டு. கடை உடனே திருத்தியது, ஆனால் மறக்கவில்லை. பள்ளி திருத்தத் தாமதித்தது, ஆனால் மன்னித்தது.

நான் யார்?

1950-ல் உளவியலாளர் எரிக் எரிக்சன் எழுதிய ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ என்ற நூல் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பார்த்தது. பள்ளி வயதில் பிள்ளையின் மனம் கேட்பது, என்னால் எதையாவது உருப்படியாகச் செய்ய முடியுமா என்று. பதின்வயதில் கேட்பது, நான் யார் என்று. முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை உழைப்பில் பெருமையாக இருக்கலாம், தாழ்வு மனப்பான்மையாகவும் இருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு விடை தேட இளைஞனுக்குச் சமூகம் சில காலம் அவகாசம் தர வேண்டும் என்றார் அவர்.

முதல் கேள்விக்குப் பெட்டியடி நல்ல விடை வைத்திருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் எழுதிய வரி ஓர் உண்மையான கணக்கில் ஓர் உண்மையான வரி. இரண்டாவது கேள்விக்கோ அது இடமே கொடுக்கவில்லை. கடையின் விலாசத்திலேயே பாட்டனார், தந்தையார் முன்னெழுத்துக்கள் இருக்கும். இன்னார் பேரன், இன்னார் மகன், இந்தக் கோயில், இந்த ஊர். நான் யார் என்று பையன் கேட்குமுன்பே பதில் எழுதி முடிந்துவிட்டது.

ஆளாதலுக்கும் அங்கே தெளிவான அளவு இருந்தது. கல்யாணமான இணை ஒரு ‘புள்ளி’. கோயிலுக்குப் புள்ளிவரி கட்ட வேண்டியவர். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. எத்தனை வயது என்று யாரும் கேட்பதில்லை. அடுப்பு பற்றவைத்தாயா, வரி கட்டினாயா என்பதே கேள்வி. இன்றைய உலகம் ஒரு தேதியை வைத்திருக்கிறது. பதினெட்டாம் பிறந்தநாளன்று வாக்கு வருகிறது. அதற்கு முந்தைய நாளுக்கும் பிந்தைய நாளுக்கும் பிள்ளையின் வாழ்வில் வேறுபாடு ஒன்றுமிருக்காது.

இந்தத் தெளிவுக்கு விலை இருந்தது. உலகம் அசையாமல் நிற்கும் வரை அது தாங்கும். 1930-ன் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடனுக்கு ஈடான நிலங்கள் வேண்டாமலே கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930-ல் சுமார் ஆறு விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் சுமார் இருபத்தைந்து விழுக்காடானது. பார்க்கச் செல்வம், உள்ளே முடக்கம். 1942-ல் ஜப்பானியப் படை வந்தது. விடுதலைக்குப் பின் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஒரே தொழிலுக்கென்று பன்னிரண்டு வயதிலிருந்து தீட்டப்பட்ட மனங்கள் நடு வயதில் ஊர் திரும்பி, அந்தத் தொழிலே இல்லாத உலகத்தில் நின்றன.

இங்கேதான் பள்ளியின் உண்மையான கொடை தெரிகிறது. பள்ளி தந்தது அவகாசம். எதற்கும் இன்னும் முடிவாகிவிடாத சில ஆண்டுகள். உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-ல் பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையானதைத் தனியொரு பருவமாகக் கொள்ள வேண்டும் என்றார். திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடு வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்று நரம்பியல் சொல்கிறது. பன்னிரண்டு வயதில் தீர்மானிக்கப்படும் வாழ்க்கை, இன்னும் முழுதாகச் சேராத ஒருவருக்காக எடுத்த முடிவு.

கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியார் இந்த அவகாசத்தை முழுமையாகப் பெற்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர், விமானம் ஓட்டும் உரிமம் வேறு. ஆலைகள் நடத்தினார், விமான நிறுவனம் நடத்தினார். 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மைய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அழகப்பர் பெயரால் 1985-ல் பல்கலைக்கழகம் வந்தது. அவருக்கு முன்பே கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கி, அது 1929-ல் பல்கலைக்கழகமாகியிருந்தது. பெட்டியடியில் சேர்ந்த பணம்தான் பெட்டியடிக்குப் பதிலாகப் பள்ளி மேசையைச் செய்துவைத்தது. அந்தப் பணத்தின் சொந்தக்காரர்கள் தங்கள் வழியின் போதாமையை நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

இரண்டு ஏணிகளிலும் இடமில்லாதவர்களும் உண்டு. சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்த கவிஞர் கண்ணதாசன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கடையும் அவரை ஆக்கவில்லை, பள்ளியும் ஆக்கவில்லை. எந்த ஒப்பாய்வும் இப்படி ஒருவர் முன் கொஞ்சம் அடங்கிப் பேசுவது நல்லது.

யாருக்குத் திறந்த கதவு?

பெட்டியடி ஒரு சமூகத்தின் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் திறந்தது. அதே ஊரில் ஆசாரி மகன் உளி பிடித்ததும் கூப்பிடு தூரத்தில்தான், கண்டாங்கி நெய்தவர் மகன் நாடாவைத் தள்ளியதும் கூப்பிடு தூரத்தில்தான். முறை ஒன்றே. ஆனால் ஆசாரி மகன் பேரேட்டைத் தொட முடியாது. பிறப்பு எந்தக் கூடத்தில் உட்கார வைத்ததோ அங்கேதான் காது திறந்திருந்தது. எல்லார் மகனும் மகளும் ஒரே பெஞ்சில் உட்காரலாம் என்று சொன்னது பள்ளிதான். அது சொன்னபடி முழுதும் நடக்கவில்லை. ஆனால் கடை அதைச் சொல்லக்கூட இல்லை.

பெண்பிள்ளைக்குப் பெட்டியடி இல்லை. கணவர் மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறிய பின், வேறு வைத்த வீட்டை நடத்தியது ஆச்சிதான். ஒதுக்கிய தொகைக்குள் சமைத்து, பிள்ளை வளர்த்து, முறை செய்து, மிச்சம் பிடித்து, அந்த மிச்சத்தை வட்டிக்கும் விட்டார். கணவர் ரங்கூனில் செய்ததை அவர் பின்கட்டில் செய்தார். அதற்கு அடுத்தாள், மேலாள் என்ற பட்டங்கள் மட்டும் இல்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மாமியார் இருந்தது துணையாகவும் இருந்திருக்கும், காவலாகவும் இருந்திருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது வெளியாளுக்குக் கடினம்.

பன்னிரண்டு வயதுப் பையனை மறுபடி பெட்டியடியில் உட்கார வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயது வரை பள்ளியைப் பிள்ளையின் உரிமையாக்கியது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்குக்குக் கீழ் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. தாயை விட்டுக் கடல்கடந்து கிட்டங்கித் தரையில் படுத்த பையன் இரவில் என்ன நினைத்திருப்பான் என்பதை எந்தப் பேரேடும் எழுதி வைக்கவில்லை.

தூரம் கூட்டும் கலை

அப்படியானால் பழைய முறையிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? பொறுப்பைச் சுமத்திய வயதை விட்டுவிடலாம். தூரத்தைக் கூட்டிய முறையை எடுத்துக்கொள்ளலாம்.

பியாஜே பிறந்த அதே 1896-ல் பிறந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி முப்பத்தேழு வயதில் காசநோயால் இறந்தார். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியது ஒன்று, மூத்தவர் துணையோடு செய்யக்கூடியது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்றார் அவர். நம் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்கள் இதை ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கின்றன. கூப்பிடு தூரம் என்றால் காரைக்குடிச் சந்தையில் யாருக்கும் புரிந்துவிடும்.

அந்தத் தூரம் நிலையானதல்ல என்பதே பெட்டியடியின் நுட்பம். மணலில் எழுதும்போது கைக்குள் கை. கடையில் பெட்டிக்கு அருகே ஒரு முழம். அடுத்தாளானதும் கூடத்தின் மறுமுனை. மேலாளானதும் நடுவே வங்காள விரிகுடா. அப்போதும் கடிதமும் கணக்கும் கப்பலில் போய்வந்துகொண்டே இருந்தன. குரல் எட்டாத இடத்துக்கு ஏடு எட்டியது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் விலகல், விலகினாலும் அறுபடாத இழை.

இன்றைய பிள்ளைக்கு இந்த நடுத்தூரம்தான் கிடைப்பதில்லை. பதினேழு வயது வரை மடியிலே. சோறு ஊட்டாத குறை. மின்கட்டணம் எவ்வளவு என்று தெரியாது, வங்கிச் சீட்டை நிரப்பியதில்லை, தான் எடுத்த முடிவால் பத்து ரூபாய் இழந்ததில்லை. பதினெட்டில் ஒரு நாள் பெட்டியைக் கட்டிச் சென்னை விடுதியிலோ கோவை விடுதியிலோ கொண்டுபோய் விடுகிறோம். மடியிலிருந்து நேரே கடல். நடுவே பெட்டியடியும் இல்லை, பின்கட்டு அடுப்பும் இல்லை. தடுமாறுகிற பிள்ளையைப் பார்த்து இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று பெருமூச்சு விடுகிறோம்.

பள்ளிகள் இந்தக் குறையை உணராமல் இல்லை. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தெருவிலிருந்த படித்த இளைஞரையே தன்னார்வலராக்கி மாலையில் பிள்ளைகளோடு உட்கார வைத்தது. அங்கே சட்டாம்பிள்ளை கொஞ்சம் திரும்பி வந்தார். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பார்த்தது. எந்த வகுப்பு என்பதைவிட எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டது. இவை தொடக்க வகுப்புகளுக்கும் மாலை நேரத்துக்கும் உரியவை. பத்தாம் வகுப்பை நெருங்கியதும் பொதுத்தேர்வு எல்லாரையும் மறுபடி ஒரே தூரத்தில் உட்கார வைத்துவிடுகிறது. பொறுப்பு கூட வேண்டிய வயதில்தான் தூரம் உறைந்துபோகிறது.

இதை முழுக்கப் பள்ளியின் தலையில் போடவும் முடியாது. வேறு வைத்தல் பள்ளி செய்த வேலையில்லை, வீடு செய்தது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு மாதத்துக் காய்கறிக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். மாதக் கடைசியில் கையைக் கடித்தால் இரண்டு நாள் ரசமும் அப்பளமும் சாப்பிட்டுக்கொள்ளலாம். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளை தக்காளியை அதிக விலைக்கு வாங்கி வந்ததைப் பார்த்துக்கொண்டு, கேட்டாலொழிய வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அந்த வித்தை பிள்ளைக்கு அல்ல, நமக்குப் பயிற்சி வேண்டியது.

பின்கட்டுக்குத் திரும்புகிறேன். இப்போது பெரும்பாலான வீடுகளில் அந்த அடுப்புகள் அணைந்துவிட்டன. கல்யாணத்துக்கும் படையலுக்கும் மட்டும் கதவு திறக்கிற வீடுகளில் கரி மட்டும் சுவரில் இருக்கிறது. ஒரு கரித் தடத்துக்கும் அடுத்த கரித் தடத்துக்கும் நடுவே நடந்து பார்த்தேன். நாலைந்து எட்டுதான் வந்தது. உப்பு கேட்கப் போதுமான தூரம். யாரும் வந்து உப்புப் போட்டுவிட முடியாத தூரமும் அதுதான்.